கார் நிக்கோபாருக்குப் போன டிரில்

அறுபதுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் மாதம் நடந்தது இது. நாங்கள் அப்போது போர்ட்பிளேரில், பத்துபஸ்தியில் குடியிருந்தோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் தச்சு மேஸ்திரி. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அரைகுறையாகக் கொஞ்சம் இந்தி, நிறைய வாய். வாயைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் பின்னால் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள்.

தெற்கே இன்னொரு தீவான கார் நிக்கோபாரில் ஆஸ்பத்திரியோடு சேர்த்து இரண்டு அறையில் ஒரு பிரசவ வார்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கூரை போடும் வேலை இவருக்குக் கிடைத்தது. சுவர் எழும்பிவிட்டது. மேலே மரச்சட்டம் ஏற்றி, இரும்புப் பட்டை வைத்து, போல்ட்டு போட்டு முடுக்கி, தகரம் அடிக்க வேண்டும். மே மாதம் பிறந்தால் அங்கே மழை பிடித்துக்கொள்ளும், பிடித்தால் லேசில் விடாது. அதுவரை பிள்ளை பெற வருகிறவர்களைத் தார்ப்பாய் கட்டிய ஒரு கொட்டகையில்தான் படுக்க வைத்திருந்தார்கள். மழைக்கு முன்னால் மூடிக் கொடுத்துவிடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் சைக்கிளில் வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். வயர்லெஸ்ஸில் வந்த சேதி. அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சாமானை ஓடத்தில் இறக்கித்தான் கொண்டு போக வேண்டும். அலையில் ஓடம் சாய்ந்து இவருடைய கருவிப்பெட்டி கடலுக்குள் போய்விட்டதாம். ரம்பமும் உளியும் அங்கேயே இரவல் கிடைத்துவிட்டன, டிரில் மட்டும் கிடைக்கவில்லை. கையால் சுற்றுகிற பெரிய டிரில் ஒன்று, நல்ல உறுதியானதாகப் பார்த்து, திங்கட்கிழமை கப்பலில் அனுப்பச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமைக் கப்பலை விட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான். அந்தக் கப்பல் திரும்பி வந்ததும் ரிப்பேருக்காகக் கடல் கடந்து மெயின்லேண்டுக்குப் போகப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே நான் அனுப்புகிற டிரில் வேலை செய்தால் அந்த வார்டுக்குக் கூரை உண்டு, செய்யாவிட்டால் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரிசியில் கல் பார்க்கத் தெரியும், மீனில் செவுள் பார்க்கத் தெரியும். டிரில்லில் எதைப் பார்க்க?

சாயங்காலம் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அபர்தீன் பஜாருக்குப் போனேன். அங்கே எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இரும்புக்கடை வைத்திருந்தார். ஊர்க்காரர் கடை இருக்க வேறு கடைக்கு நான் ஏன் போகிறேன்? கரண்டில் ஓடுகிற டிரில் வந்துவிட்ட காலம்தான். அண்ணாச்சி முதலில் அதைத்தான் எடுத்தார். கார் நிக்கோபாரில் இருட்டிய பிறகு கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் ஓடும், பகலில் கரண்ட் ஏது? வயர் இல்லாததுதான் வேண்டும் என்றேன். உள்ளே போய் ஒரு டிரில்லைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

சிவப்பு பெயின்ட் அடித்து, சக்கரம் பளபளவென்று, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. நெஞ்சில் வைத்து அழுத்திக்கொள்ள வளைந்த தகடு, பக்கவாட்டில் ஒரு பிடி. சுற்றினால் சர்ரென்று ஓடியது.

"மெயின்லேண்டுல இருந்து போன கப்பல்லதான் வந்துச்சு, தங்கச்சி. இன்னும் பெட்டியே பிரிக்கல" என்றார் அண்ணாச்சி. பெட்டிப் பலகை ஒன்றில் வைத்துச் சுற்றிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓட்டை விழுந்தது.

கடையில் இன்னொரு ஆள் ஆணி வாங்கிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். சட்டையெல்லாம் கிரீஸ். என்னைக் கேட்காமலே டிரில்லை எடுத்து, சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். துளை போடும் கம்பியான பிட்டைக் கவ்வுகிற வாயை மூடி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னை பஹன், சகோதரி என்று கூப்பிட்டு, பாதி இந்தியும் பாதித் தமிழுமாகக் கேட்டார்.

"பஹன், இது எந்த மரத்துக்கு?"

"கார் நிக்கோபாருக்கு" என்றேன், வெடுக்கென்று. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

"அங்க கல்லு மாதிரி படாக் மரம், லோஹா பட்டி, இரும்புப் பட்டை எல்லாம் இருக்கும். இது கர் கா காம், வீட்டு வேலைக்குச் சரி. பெரிய வேலைக்கு நஹி சலேகா, தாங்காது. இந்தப் பலகை பக்ஸா லக்டி, பெட்டி மரம், இதுல எல்லாமே இறங்கும். படாக்ல போட்டுப் பாருங்க."

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. "உன் ஆணியை வாங்கிட்டுப் போயேன்பா" என்றார். அந்த ஆள் கோபப்படவில்லை. ஜெட்டி என்கிற கப்பல்துறைப் பக்கம் படகு ரிப்பேர் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருப்பதாகவும், சந்தேகம் வந்தால் கொண்டுவரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணாச்சி குனிந்து மெதுவாகச் சொன்னார். "லோக்கல் பார்ன் ஆளு, தங்கச்சி. தாத்தன் சங்கிலியோட வந்தவனா இருக்கும். நம்ம சாமானை நாமதான் பத்திரமா வச்சிக்கணும்."

வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாக வந்தவர்கள் வழியில் இங்கேயே பிறந்தவர்களை அப்படிச் சொல்வது வழக்கம். மெயின்லேண்டிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள்மேல் ஒரு இளக்காரம் உண்டு. எங்களுக்கு வீடு காட்டியதும், எந்தத் தண்ணீர் குடிக்கலாம், எந்த மீன் ஆகாது என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். ஆனாலும் இளக்காரம் இருந்தது. நானும் தலையை ஆட்டிவிட்டு, சிவப்பு டிரில்லை மடியில் கட்டாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்த ஆள் சொன்னது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அடுப்படி நிலைக்கால் படாக் மரம்தானே என்று நினைவு வந்தது. டிரில்லோடு வந்ததில் இருப்பதிலேயே பெரிய பிட்டாக எடுத்து மாட்டி, தகட்டை நெஞ்சில் கொடுத்து, சுற்ற ஆரம்பித்தேன். அரை அங்குலம் போனது. அதற்குமேல் கைப்பிடி சுற்றுகிறது, பிட் சுற்றவில்லை. பலத்தைக் கொடுத்து அழுத்தினேன். உள்ளே கடகடவென்று பல்லுக்குப் பல் தாவுகிற சத்தம் கேட்டது. வெளியே இழுத்தால் டிரில் மட்டும் கையோடு வந்தது, பிட் நிலைக்காலிலேயே நின்றுவிட்டது. குறடு போட்டு அதைப் பிடுங்குவதற்குள் எனக்குப் பிரசவம் ஆனது போலாகிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். இதை நான் கண்ணை மூடிக்கொண்டு கப்பலில் ஏற்றியிருந்தால் அவர் அந்தக் கூரையின்மேல் நின்றுகொண்டு என்ன செய்திருப்பார்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கடை பூட்டு. வேறு வழியில்லாமல் டிரில்லைப் பையில் போட்டுக்கொண்டு ஜெட்டிப் பக்கம் நடந்தேன். அந்த ஃபிட்டர் ஒரு மோட்டார் படகின் அடியில் படுத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. ஒரு மரப்பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

டிரில்லைப் பிரித்து எனக்குக் காட்டினார். சக்கரத்தின் பல் இரும்பை அச்சில் ஊற்றி வார்த்தது, எஃகில் வெட்டியதல்ல, அதனால்தான் பலம் கொடுத்தால் தாவுகிறது. கவ்வுகிற வாயில் மூன்று பல் இருக்கிறது, மூன்றும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். இதில் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பிட்டை மாட்டிச் சுற்றினால் நுனி அசையாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது கோலம் போட்டது. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் இத்தனை பொறுமையாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்ததில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்ற நினைப்பே அவரிடம் இல்லை. நாளைக்கு வாங்கப் போகிறவள் நான்தான், எனக்குத் தெரிய வேண்டும் என்கிற மாதிரிதான் பேசினார்.

"சரி பண்ண முடியுமா, அண்ணே?" என்று கேட்டேன்.

"தேக்தே ஹைன், பார்க்கிறேன். சுபஹ், காலை ஷிப்புக்கு நானே ஜெட்டிக்குக் கொண்டு வர்றேன்."

இவர் செய்கிற வேலையையும் இடத்தையும் சொல்லி, டிரில்லை விட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் அண்ணாச்சி சொன்னதுதான் காதில் கேட்டது. பேரும் கேட்கவில்லை, வீடும் கேட்கவில்லை. புத்தம்புது சாமானை முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டு வருகிறேனே, எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்த அரை மைல் தூரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே ஜெட்டியில் நின்றேன். கார் நிக்கோபார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற கம்பவுண்டர் ஒருவர் சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். கோழிக்கூடு, அரிசி மூட்டை, தகரப்பெட்டி என்று எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. எட்டாயிற்று. எட்டரை ஆயிற்று. கப்பல் ஒரு முறை ஊதியது. ஃபிட்டரைக் காணோம். கம்பவுண்டர் பாவம், ஏணிக்கும் எனக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

அப்போது ஃபிட்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். சைக்கிளிலிருந்து ஒரு சாக்குப் பொட்டலத்தை எடுத்துக் கம்பவுண்டரிடம் நீட்டினார். வாய் தைத்து, என் வீட்டுக்காரர் செய்கிற வேலையும் இடமும் இந்தியில் எழுதியிருந்தது. தைத்த பொட்டலத்தைப் பார்த்ததும் என் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. வாங்கித் தடவிப் பார்த்தேன். கனம் வேறாக இருந்தது. கம்பவுண்டரிடம் கத்தி வாங்கி, எல்லார் முன்னாலும் தையலை அறுத்தேன்.

உள்ளே இருந்தது சிவப்பு டிரில் இல்லை. கறுப்பாக, பெயின்ட் எல்லாம் உரிந்து, மரப்பிடி தேய்ந்து வழவழத்துப்போன ஒரு பழைய டிரில்.

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். "என் புது டிரில்லை எங்க கொண்டு போய் வித்த? இந்தப் பழைய இரும்பைத் தலையில கட்டப் பாக்கியா? உங்க பரம்பரைப் புத்தி எங்க போகும்?" என்று கேட்டேன். தமிழில் கேட்டது போதாதென்று எனக்குத் தெரிந்த இந்தியிலும் கேட்டேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அவரைப் போல இங்கேயே பிறந்தவர்கள்.

அவர் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு சைக்கிளுக்குத் திரும்பிப் போய், கேரியரிலிருந்து காகிதத்தில் சுற்றிய இன்னொன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். என்னுடைய சிவப்பு டிரில்.

"இது சரி ஆகல, பஹன். கோஷிஷ் பண்ணேன், எவ்வளவோ பாத்தேன், பல்லு தாங்காது. அது என் டிரில். க்யாரஹ் சால், பதினோரு வருஷமா அதுலதான் வேலை பண்றேன். படாக், லோஹா எல்லாம் இறங்கும். உங்க வீட்டு ஆளு வேலை முடிச்சிட்டுக் கொண்டு வரட்டும்."

பதினோரு வருடம் கூலிக்கு உழைத்த சாமானை, திரும்பி வருமோ வராதோ, அதுவும் கருவிப்பெட்டி கடலில் விழுகிற ஊருக்கு, பேர்கூடத் தெரியாத ஒருத்திக்காக ஒரு மனுஷன் கொடுக்கிறான். அதை வாங்கிக்கொண்டு நான் அவனைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன். வேண்டாத நேரத்தில் அத்தனை பேசிய வாய், வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்டது.

அவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சட்டைப்பையில் குத்தி வைத்திருந்த கோணி ஊசியை எடுத்து, நான் அறுத்த சாக்கின் வாயைத் திரும்பத் தைக்க ஆரம்பித்துவிட்டார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நான் இப்படிப் பேசின பிறகும் ஏன் குடுக்கீங்க, அண்ணே?" என்று கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

"நீங்க திட்டினது தோ மினிட், பஹன். ஷிப் போச்சுன்னா தோ மஹினா."

இரண்டு நிமிடம், இரண்டு மாதம். அவருக்கு அது அவ்வளவுதான். கப்பல் இரண்டாம் முறை ஊதும்போது கம்பவுண்டர் பொட்டலத்தோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஜூன் கடைசியில், ரிப்பேர் முடிந்து வந்த அதே கப்பலில் திரும்பினார். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து அந்தக் கறுப்பு டிரில்லை எடுத்து, எண்ணெய்த் துணியால் சுற்றியிருந்ததை அவிழ்த்து, "இது யாருதுட்டி?" என்று கேட்டார். "இத்தனை வருஷம் கருவி பிடிக்கேன், இப்படி ஒண்ண கையில எடுத்ததில்ல. படாக்குல போட்டாலும் திணறல, பட்டையில போட்டாலும் வழுக்கல. சாக்குக்குள்ள பிட்டுகளோட ஒரு டப்பியில கிரீசும், சக்கரத்து ஆணி உடைஞ்சா மாத்துறதுக்கு இன்னொண்ணும்கூட வச்சிருந்தான். வச்சிருந்தவன் கையை ஒரு தடவை பாக்கணும்." கடைசித் தகரத்தை ஒரு வியாழக்கிழமை அடித்தாராம். சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டதாம். அந்த மழையில், அந்தப் புதுக் கூரைக்கு அடியில், முதல் வாரத்திலேயே இரண்டு பிள்ளைகள் பிறந்தன என்று சொன்னார்.

ஜெட்டியில் நான் செய்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஒன்றும் திட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியிலேயே கை கழுவிவிட்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் விசாரித்துக்கொண்டு, இரண்டு பேருமாகப் புரோத்ராபூரில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனோம். சின்ன மரவீடு, சுற்றிலும் வாழையும் மரவள்ளியும். அவர் மனைவி எங்களை உட்கார வைத்து, டிரில்லைப் பார்த்ததும் சிரித்தார். "அப்பாடா, வந்துருச்சு" என்று இந்தியில் சொன்னார். இந்த இரண்டு மாதமும் மனுஷர் தினம் விடியற்காலையில் எழுந்து, இன்னொரு ஒர்க்‌ஷாப் ஆளிடம் டிரில்லை இரவல் வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். போக வர நாலு மைல் கூடுதல். அது கிடைக்காத நாளில் மேலதிகாரியிடம் பேச்சு வேறு. ஃபிட்டர் உள்ளேயிருந்து, "வேற பேச்சு இல்லையா உனக்கு?" என்று அதட்டிக்கொண்டே வந்தார். இப்படி நடக்க வேண்டிவரும் என்று ஜெட்டியில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வழியெல்லாம் இந்தியில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். "பாயி, நான் பேசினது பெரிய தப்பு, மாஃப் கரோ, மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் சங்கடப்பட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"சாய் ஆறுது, பஹன். பீயோ, குடிங்க" என்றார்.

அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு அவரும் என் வீட்டுக்காரரும் வெளியே குந்திக்கொண்டு டிரில்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். என் வீட்டுக்காரருக்கென்று ஒன்று மெயின்லேண்டிலிருந்து தருவித்தபோது, வந்த மூன்றில் இரண்டைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அது எங்கள் வீட்டில் இருபது வருடம் சோறு போட்டது. சிவப்பு டிரில்லையும் வீணாக்கவில்லை. அலமாரிப் பலகையில் ஓட்டை போடவும், தொட்டில் கொக்கி மாட்டவும் நானே எடுத்துச் சுற்றுவேன். வீட்டு வேலைக்கு அது போதும் என்று அவர் முதல் நாளே சொன்னாரே.

போன வருடம் என் மருமகன் பாட்டரியில் ஓடுகிற டிரில் வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரப் பையன் ஒரு மெல்லிய பலகையில் ஓட்டை போட்டுக் காட்டினான். நான் டிரில்லின் வாயில் பிட்டை மாட்டச் சொல்லி, நுனி கோலம் போடுகிறதா என்று பார்த்துவிட்டு, தேக்குத் துண்டு ஒன்று கொண்டுவரச் சொன்னேன். கிழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவன் விழித்தான். மருமகன் சிரித்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவருக்குத் தெரியும், நான் அந்த மனுஷரை எப்படிப் பேசினேன் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் என் பெண்களுக்கும் சொல்லி வளர்த்தேன்.

இன்றைக்கும் யாராவது ஒரு ஆளைப் பற்றி, "அவங்க பரம்பரை உனக்குத் தெரியாது" என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தால், அந்த ஜெட்டியில் அத்தனை பேர் முன்னால் நான் பேசியது என் காதில் கேட்கிறது, முகம் சுடுகிறது. சாகும் வரைக்கும் அந்த வெட்கம் என்னை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.